லேடிக்கு அடுத்து எந்தப் பெயர்? மொழிபெயர்ப்பாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் வரலாற்று நூல்களின் தமிழாக்கங்களைச் செப்பனிடுவது என் தொழில். புதிதாக வரும் மொழிபெயர்ப்பாளர்கள், முன்பு நாங்கள் இடறிய அதே இடங்களில் இடறுகிறார்கள். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன் என்று மேலிருந்து கீழாக இறங்கும் பிரபுப் பட்டங்களின் வரிசையை எந்தக் கையேட்டிலும் பார்த்துக்கொள்ளலாம், அதை விட்டுவிடுகிறேன். அந்தக் குடும்பங்களின் மனைவி மக்களை எழுதும்போதுதான் உறவே மாறிப்போகிறது.

லேடி ராண்டால்ஃபை லேடி ஜென்னி ஆக்காதீர்கள்

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. வின்ஸ்டன் சர்ச்சிலின் தாயைப் பற்றிய அத்தியாயம் ஒன்றில் ‘லேடி ராண்டால்ஃப் சர்ச்சில்’ என்று சரியாகவே இருந்தது. பெண்ணுக்கு ஆண் பெயரா என்று எண்ணிய மெய்ப்புப் பார்ப்பவர், அவருடைய சொந்தப் பெயரைப் போட்டு எல்லா இடத்திலும் ‘லேடி ஜென்னி’ என்று திருத்திவிட்டார். யாரையும் கேட்கவில்லை. அச்சான பிறகுதான் தெரிந்தது. அந்த ஃபாரங்களை மறுபடி அச்சடித்ததில் பதிப்பாளருக்குப் பண நஷ்டம். ஒரு பாவமும் அறியாத மொழிபெயர்ப்பாளருக்குக் கெட்ட பெயர்.

லேடிக்கு அடுத்துப் பெண்ணின் சொந்தப் பெயர் வந்தால், அந்தத் தகுதி தந்தை வழியில் வந்தது என்று பொருள். டியூக், மார்க்குவிஸ், ஏர்ல் ஆகிய மூவரின் மகள்களுக்கே அது உரியது. டயானாவின் தந்தை 1975-இல் ஏர்ல் ஸ்பென்சர் ஆனார். மகள் லேடி டயானா ஆனார். ஜென்னியோ நியூயார்க் செல்வந்தர் லெனார்டு ஜெரோமின் மகள். அவரை லேடி ஆக்கியது திருமணம். கணவர் ராண்டால்ஃப், ஏழாவது மார்ல்பரோ டியூக்கின் இளைய மகன்களில் ஒருவர். டியூக், மார்க்குவிஸ் வீட்டு இளைய மகன்களின் சொந்தப் பெயருக்கு முன்னால் லார்டு சேரும். மனைவி அந்தப் பெயரையே முழுதாக ஏற்றுக்கொள்வார். லேடி ஜென்னி என்று எழுதிய கணத்தில் அந்த அமெரிக்கப் பெண்ணுக்கு ஓர் ஆங்கிலேயப் பிரபுவைத் தந்தையாக்கிவிடுகிறோம். அமெரிக்கச் செல்வமும் ஆங்கிலேயப் பட்டமும் சம்பந்தம் செய்துகொண்ட கதைதான் அந்த அத்தியாயமே. அதன் பிறகு அங்கே என்ன மிஞ்சுகிறது?

ஆண்களுக்கும் இதே கணக்குத்தான். வேலூர்ப் புரட்சி நடந்த 1806-இல் சென்னை ஆளுநராக இருந்தவரை ‘பெண்டிங் பிரபு’ என்றே பலர் எழுதுகிறார்கள். அவர் மூன்றாவது போர்ட்லண்ட் டியூக்கின் இளைய மகன். லார்டு வில்லியம் பெண்டிங்க் என்று முழுதாக எழுதுங்கள். சுருக்க வேண்டுமானால் லார்டு வில்லியம். சொந்தப் பெயரை விட்டுவிட்டால், அவரே பட்டம் பெற்ற பிரபு என்றாகிவிடும்.

சர்

சர் வின்ஸ்டன். சர் சர்ச்சில் கிடையாது. மனைவிக்கு நேர்மாறு: லேடி சர்ச்சில்.

டியூக்கை லார்டு என்பது

வெலிங்டன் 1814-இல் டியூக் ஆனார். அதற்குப் பிந்தைய பக்கங்களில் லார்டு வெலிங்டன் வரக் கூடாது.

லார்டு என்றதும் பிரபுக்கள் சபைக்கு அனுப்புவது

1770 முதல் 1782 வரை பிரதமராக இருந்த லார்டு நார்த்தை, ஒரு கையெழுத்துப் பிரதி பிரபுக்கள் சபையில் பேச வைத்திருந்தது. அவர் அப்போது நாடாளுமன்றக் கீழவையான காமன்ஸ் சபை உறுப்பினர். தந்தையான கில்ஃபோர்டு ஏர்ல் உயிரோடு இருந்தார். வாரிசான மூத்த மகன், தந்தையின் கீழ்ப்பட்டங்களில் ஒன்றை மரியாதைக்காகப் பயன்படுத்துவது வழக்கம். அதனால் பிரபுக்கள் சபையில் இடம் கிடைக்காது. தந்தை 1790-இல் இறந்த பிறகே நார்த் அங்கே போனார்.

விவாகரத்துக்குப் பின்

1996-இல் இளவரசர் சார்லஸுடன் மணமுறிவு ஏற்பட்டபின் லேடி டயானாவாக இருந்தவர் ‘டயானா, பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’. சொந்தப் பெயர் முன்னால் வந்துவிடும். நடுவில் இருக்கும் காற்புள்ளியை அச்சுப்பிழை என்று நீக்காதீர்கள்.

பெண் பெற்ற பட்டம்

கணவருக்குப் போகாது. பிரதமராக இருந்த மார்கரெட் தாட்சரின் கணவர் டெனிஸ் தாட்சரின் ‘சர்’, 1990-இல் அவருக்கென்றே அறிவிக்கப்பட்ட பாரனெட் என்ற பரம்பரைச் சர் பட்டத்தால் வந்தது. மனைவி பாரனஸ் (பெண் பாரன்) ஆனது 1992-இல்தான்.