முக்திநாத்தும் மலைநடையும்: நேபாளப் பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நேபாளத்துக்குக் கிளம்பும் நம்மவர்கள் பலர், கையில் இருக்கும் விடுப்பு நாள்களை முதலில் எண்ணிவிட்டு, அதற்குள் எத்தனை ஊர்களை அடக்கலாம் என்று திட்டம் போடுகிறார்கள். இமயத்தில் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. இன்று இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம், நேற்று எந்த உயரத்தில் படுத்தோம் என்பதே அங்கு முக்கியம்.

இந்தத் தவறு மிகத் தெளிவாகத் தெரிவது முக்திநாத் பயணத்தில்தான். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் போற்றும் தலம் என்பதால், தமிழகத்திலிருந்து வயதான பெற்றோரை அழைத்துக்கொண்டு ஆண்டுதோறும் பலர் அங்கே செல்கிறார்கள். சுமார் 820 மீட்டர் உயரத்திலுள்ள பொக்கராவில் காலையில் விமானம் ஏறினால், இருபது நிமிடங்களில் ஜோம்சோம் வந்துவிடுகிறது. அந்த ஊர் 2,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அங்கிருந்து ஜீப்பில் ஏறி, அன்று முற்பகலிலேயே 3,700 மீட்டரைத் தாண்டிய முக்திநாத்தில் இறங்கிவிடுகிறோம். ஊட்டிக்கு மேல் ஏறியறியாத உடம்புக்கு இது மிகக் கடுமையான சோதனை.

பொக்கராவிலிருந்து சாலை வழியாகச் சென்று, ஜோம்சோமிலோ அதற்குச் சற்றுத் தாழ்வான மார்ஃபாவிலோ இரண்டு இரவுகள் தங்கி, மூன்றாம் நாள் காலையில் தரிசனத்துக்குப் போய்விட்டு, இரவுக்குள் மீண்டும் கீழே இறங்கிவிடுவதே முதியவர்களுக்கு நல்லது. கோயிலின் பின்புறம் அரைவட்டமாகக் காளை முகங்களிலிருந்து கொட்டும் 108 தாரைகளில் நனைந்து, எதிரிலுள்ள இரு குளங்களிலும் முழுகி எழுவது வழக்கம். பனி உருகி வரும் அந்த நீரில் ஓடி நனைந்தவர்கள், ஈரத்துணியோடு காற்றில் நின்று வரிசைக்குக் காத்திருப்பது ஆபத்தானது. இதய நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் நீரைத் தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பெருமாள் அதைக் குறையாகக் கொள்ளமாட்டார் என்றே நான் நம்புகிறேன்.

தலைவலி, குமட்டல், பசியின்மை ஆகியவை வந்தால், பயணக் களைப்பு என்றோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றோ தள்ளிவிடக் கூடாது. அவை உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் மலைநோயின் தொடக்கமாக இருக்கலாம். குறையும் வரை மேலே ஏறவே கூடாது. நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, அது இரவானாலும் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். இளமையும் உடற்பயிற்சியும் இந்த நோய்க்குக் கவசமல்ல. மலைநோயைத் தடுக்கத் தரப்படும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் அவரிடம் சொல்ல வேண்டும்.

நடைப்பயணம் செல்பவர்கள், 3,000 மீட்டருக்கு மேல் இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் கூட்டி, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வெடுக்க வேண்டும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிறவர்கள் 3,440 மீட்டரிலுள்ள நாம்சே பஜாரில் இரண்டு இரவுகள் தங்குவது இதற்காகத்தான். அந்த ஓய்வு நாளை வெட்டி நாள்களை மிச்சப்படுத்தும் திட்டத்தை யார் தந்தாலும் ஏற்காதீர்கள். முக்திநாத் வரை வந்துவிட்டோமே என்று அங்கிருந்தே 5,416 மீட்டர் உயரத் தொரோங் கணவாயைக் கடக்க முயல்வதும் பெருந்தவறு. ஒரே மூச்சில் 1,600 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருப்பதால்தான் கணவாய்க்கு மறுபுறமுள்ள மனாங் பக்கமிருந்து மெல்ல ஏறி, முக்திநாத் பக்கம் இறங்குகிறார்கள்.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானம் தெளிவாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மைதான். ஆனால் நமக்கு அதுவே புயல் காலம். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுத்ஹுத் புயலின் மிச்சம், இரண்டு நாள் கழித்து தொரோங் கணவாய்ப் பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வங்கக் கடலில் புயல் வடக்கே நகர்கிறது என்று செய்தி வந்தால், இருக்கும் ஊரிலேயே காத்திருங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்சரிவால் ஜோம்சோம் சாலை அடிக்கடி அடைபடும்.

காப்பீட்டில் பலர் ஏமாந்துபோகிறார்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவும் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் செல்லாது. நீங்கள் ஏறப்போகும் உயரமும் ஹெலிகாப்டர் மீட்பும் அதில் எழுத்தில் இருக்கின்றனவா என்று வாங்குமுன் படித்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு விசா தேவையில்லை, ஆனால் விமானத்தில் போக ஆதாரை நம்பிக் கிளம்பாமல், கடவுச்சீட்டையோ வாக்காளர் அடையாள அட்டையையோ கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஊர் திரும்பும் விமானம். தௌலகிரிக்கும் அன்னபூர்ணாவுக்கும் இடையே ஓடும் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் முற்பகல் முடியுமுன்பே காற்று பலமாகிவிடுவதால், ஜோம்சோம் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கின்றன; மேகம் கவிந்தால் அதுவும் இல்லை. எவரெஸ்ட் நடைப்பயணம் தொடங்கும் லுக்லா விமான நிலையத்திலும் இதே கதைதான். மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் காத்மாண்டுவிலிருந்து ஊருக்குப் புறப்படும் நாளுக்கும் இடையே குறைந்தது இரண்டு நாள்களை ஒன்றும் எழுதாமல் விட்டுவையுங்கள். விமானம் நேரத்துக்குக் கிளம்பிவிட்டால், அந்த நாள்களில் பசுபதிநாதரையும் பக்தப்பூரையும் நிதானமாகப் பார்க்கலாம்.