வளாகத்துப் பற்றையைக் காப்பாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் எந்தப் பல்கலைக்கழக வளாகத்திலும் இடத்துக்குத் தட்டுப்பாடுதான். புதிய பீடம், மாணவர் விடுதி, வாகனத் தரிப்பிடம் என்று கேட்பதெல்லாம் நியாயமான தேவைகள். ஆனால் திட்டம் போடுபவர்களின் கண் கடைசியில் பின்மதிலோரத்துப் பற்றையிலோ ஈரம் காயாத தாழ்நிலத்திலோதான் போய் நிற்கும். "சும்மா கிடக்கிற காணிதானே" என்பார்கள். அதைக் காப்பாற்ற நினைக்கும் மாணவர்களும் விரிவுரையாளர்களும் எல்லா வளாகத்திலும் இருக்கிறார்கள். அவர்களின் முயற்சி எங்கெங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

முதல் சறுக்கல், பெரிய மரங்களை மட்டும் எண்ணுவது. குடை விரித்து நிற்கும் மாரா மரத்தில் கோடரி விழுந்தால் எல்லோருக்கும் மனம் பதறும். பதறட்டும், நிழல் தரும் மரம் அது. ஆனால் மாரா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது, கொழும்பு வீதிகளெங்கும் நட்டு வளர்த்தது. தாழ்நில ஈரவலயத்துச் சதுப்புகளின் இயற்கைத் தாவரங்களில் பல தாழ்வாகவே வளர்கின்றன: கறிக்கு எடுக்கும் கொகில, ஓடைக்கரைக் கெட்டல. சத்தில்லாத ஈரமண்ணில் பூச்சி பிடித்து வாழும் பனித்துளிச் செடி இன்னும் சின்னது. இவற்றில் சில தனியே பார்த்தால் சாதாரணச் செடிகள்தான். அவை இயற்கையாகச் சேர்ந்து வளரும் துண்டு நிலம்தான் கொழும்பு மாவட்டத்தில் அரிதாகிவிட்டது.

பச்சையாக இருப்பதெல்லாம் நம்முடையது என்று நினைப்பதும் தவறு. நகரத்துச் சதுப்புகளில் அடர்ந்து நிற்கும் வெல் ஆத்தா, அதாவது சதுப்பு அன்னமுன்னா, அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்து பரவியது. "இங்கே அரிய தாவரம் இருக்கிறது" என்று கடிதம் எழுதி, படத்தில் வெல் ஆத்தாவைக் காட்டினால் அந்தக் கடிதத்தின் கதை அதோடு முடிந்தது.

ஆகவே சரியான பட்டியல் வேண்டும். ஒரு சனிக்கிழமை காலையில் கைப்பேசியோடு சுற்றி வந்தால் அது கிடைக்காது. மாசி வெயிலில் கண்ணில் படாத செடி, வைகாசி மழைக்குப் பிறகு முளைத்து நிற்கும். இரண்டு பருவத்திலாவது பாருங்கள். பூவோடும் காயோடும் படம் எடுங்கள், சந்தேகமானதைப் பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் ஒப்பிட்டுக் கேளுங்கள். குருடியா சைலானிகா என்ற மரத்தை அழியும் நிலையிலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் 2012ஆம் ஆண்டின் தேசியச் செந்தரவுப் பட்டியல் அழிந்துபோனதாகக் குறித்திருந்தது. 2019இல் கம்பஹா மாவட்டத்துத் தரலுவையில் அது உயிரோடு நின்றது. 2021இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக வெட்டப்பட இருந்தபோது, அடையாளம் உறுதியாகியிருந்ததால்தான் நாடே பேசியது. பெயர் தெரியாத மரமாக நின்றிருந்தால் யார் கேட்டிருப்பார்கள்?

"வெட்டினால் என்ன, வேறிடத்தில் நூறு கன்று நடுவோம்" என்பதை ஏற்றுக்கொள்வதுதான் மிகப் பெரிய தவறு. மரத்தை நடலாம். மண்ணுக்குள் உறங்கும் விதைகளையும் வேரோடு வாழும் பூஞ்சைகளையும் மழைக்கு ஏறி வெயிலுக்கு இறங்கும் நீர்மட்டத்தையும் எந்த நாற்றுமேடையிலும் வாங்க முடியாது.

இதைப் புரிந்தவர்கள்கூட அடுத்த படியில் ஏமாறுகிறார்கள். "சரி, அந்தத் துண்டைத் தொடமாட்டோம்" என்று நிர்வாகம் சொன்னதும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அப்புறம் சுற்றிலும் கபூக் மண் கொட்டி நிலத்தை உயர்த்துவார்கள். ஓரமாக ஆழமான கொங்கிரீட் வடிகான் வரும். அது துண்டின் அடியிலுள்ள ஈரத்தை இழுத்துவிடும். வடிகான் இல்லாத பக்கத்திலோ, உயர்ந்த நிலத்தின் மழைநீரெல்லாம் உள்ளே வந்து தேங்கும். சீமெந்து கழுவிய தண்ணீர் மண்ணின் அமிலத் தன்மையைக் குறைக்க, அமில மண்ணுக்குப் பழகிய செடிகள் வாடும், களைகள் ஏறும். ஒரு மரமும் வெட்டாமலே ஒரு தாவரத் தொகுதி போய்விடும். கூட்டத்தில் ஒரேயொரு ஆவணம்தான் கேட்க முடியும் என்றால் வடிகால் வரைபடத்தைக் கேளுங்கள். நிலத்தின் மட்டம் எவ்வளவு உயர்கிறது, தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்ற இரண்டும் அதில் இருக்கும்.

சட்டம் தானாக வந்து காப்பாற்றும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் தாக்க மதிப்பீடு இருப்பது உண்மை. ஆனால் 1993ஆம் ஆண்டு வர்த்தமானியில் காட்டை வேறு பயனுக்கு மாற்றும் வேலை 1 ஹெக்டேயரையும், ஈரநிலம் நிரப்பும் வேலை 4 ஹெக்டேயரையும் தாண்டினால்தான் மதிப்பீடு தேவைப்படும் வேலைகளின் பட்டியலுக்குள் வரும். ஓடைக்கரை போன்ற உணர்திறன் மிக்க இடங்களுக்குத் தனி விதி உண்டு, அதையும் பாருங்கள். வளாகத்துத் துண்டு பெரும்பாலும் இந்த அளவைத் தொடாது. கொழும்பு 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது நமக்குப் பெருமைதான். அந்தப் பட்டமும் உங்கள் வளாகத்துப் பற்றைக்கு வேலி போடாது.

ஆகவே பெக்கோ வந்து நிற்கும் நாளில் பதாகை பிடிப்பதைவிட, பெருந்திட்டம் வரையும் நாளில் போய் உட்காருவது பயன் தரும். அரச பல்கலைக்கழகம் என்றால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எந்தக் குடிமகனும் திட்ட ஆவணங்களைக் கேட்கலாம். தருவார்களா மாட்டார்களா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "கட்டாதே" என்று மட்டும் சொல்லாமல், எங்கே கட்டலாம் என்றும் காட்டுங்கள். ஒற்றை மாடியில் கிடக்கும் பழைய கட்டடமும், தார் போட்ட தரிப்பிடமும் எல்லா வளாகத்திலும் இருக்கும். விடுதி இல்லாமல் போடிங் அறைக்கு வாடகை கட்டும் மாணவருக்கு முன்னால் மாற்று இடம் சொல்லாமல் பேசுவது நியாயமும் இல்லை.

வென்ற பிறகு அழகுபடுத்தும் ஆசை வரும். புல்வெட்டி, விளக்கு, கல்பாதை எதுவும் வேண்டாம், ஓரமாக ஒற்றையடிப் பாதை போதும். அதற்காகத் தொடாமல் விட்டுவிடவும் முடியாது. வெல் ஆத்தாவின் பழம் தண்ணீரில் மிதந்து பரவும். அதனால் காய் பிடிப்பதற்கு முன்பே கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும், நீர்மேல் படரும் சல்வீனியாக் களையை அள்ள வேண்டும். இதை ஆர்வலர்களின் ஓய்வு நேரத்தை நம்பி விடாமல், ஒரு துறையின் பொறுப்பாகவும் ஆண்டுச் செலவாகவும் பேரவைத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். இன்று போராடும் மாணவர்கள் நான்கு ஆண்டில் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.