எக்ஸ்காம் 2: கடைசி வீரரை முன்னால் அனுப்பாதீர்கள்

உங்கள் வீரர்களும் ஏலியன்களும் மாறி மாறி முறை எடுத்துச் சண்டை போடும் வீடியோ கேம் எக்ஸ்காம் 2 (2016). அதைப் புதிதாக ஆடுபவர்கள் ஆட்களை இழப்பது பெரும்பாலும் நகர்த்தும் வரிசையால்தான். ஏலியன்கள் சிறு கூட்டங்களாக நிற்கும். உங்கள் அணியின் ஒளிவுநிலை (எதிரிகள் உங்களை இன்னும் கவனிக்காத நிலை) கலைந்த பிறகு, ஒரு வீரர் அவற்றின் கண்ணில் பட்டால் போதும், உங்கள் முறை நடக்கும்போதே ஓடி மறைவிடம் பிடித்துவிடும். மூன்று பேர் ஆடி முடித்து, நான்காவது ஆள் போய்ப் புதுக் கூட்டத்தைக் கிளப்பினால் திருப்பிச் சுட யாரும் மிச்சமிருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் நகரும் ஆளே எல்லோரையும் விட முன்னால் போகட்டும். அதுவும் திரையில் தெரியும் நீலக் கோட்டுக்குள் மட்டும், அதாவது ஒரே நகர்வில் எட்டும் தூரம். அதைத் தாண்டி மஞ்சள் கோடு வரை ஓடினால் இரண்டு நகர்வும் செலவாகி, அந்த முறை துப்பாக்கியால் சுட முடியாது. மற்றவர்கள் அவர் பார்த்து முடித்த இடத்துக்குள்ளேயே நிற்கட்டும். இந்த ஒரு பழக்கம் வந்தாலே பாதிச் சண்டை எளிதாகிவிடும்.

சரி, கூட்டம் கிளம்பிவிட்டதா? முழு மறைவில் இருக்கும் எதிரியைச் சுடும்போது உங்கள் குறிவாய்ப்பில் (குண்டு படும் சதவீத வாய்ப்பில்) 40 புள்ளி குறையும், அரை மறைவென்றால் 20. அப்போது கையெறி குண்டை எடுங்கள். அது குறி தவறாது, பெரும்பாலான மறைவுகளையும் உடைத்துவிடும். அப்புறம் மற்றவர்கள் சுடட்டும். குண்டைக் கடைசிவரை சேர்த்து வைக்காதீர்கள், அடுத்த பணிக்குப் புதிதாகக் கிடைக்கும்.