முழு சார்ஜ் இருந்தும் நின்றுபோன ரிமோட் கார்

பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றிப் போட்டாலும் மகனின் ரிமோட் கார் கொஞ்ச நேரத்தில் திணறி நின்றுவிடும். மோட்டார் போச்சு என்றார்கள் வீட்டில். எனக்கென்னவோ பேட்டரி மேல்தான் சந்தேகம். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரில் பேட்டரியின் நான்கு செல்லையும் தனித்தனியாக அளந்தேன். மூன்றில் 1.2 வோல்ட்டுக்கு மேல். ஒன்றில் மட்டும் 0.9. வரிசையாக இணைந்த செல்களில் ஒன்று முதலில் காலியானால், மற்றவை அதன் வழியே மின்சாரத்தைத் தள்ளி இன்னும் கெடுத்துவிடும். பழசையும் புதுசையும் கலந்து போடக்கூடாது என்பது இதனால்தான்.

நான்கையும் மாற்றினேன். ஒரே மாதிரி நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு (திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் வகை), 2000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற அளவு), சும்மா கிடந்தாலும் சார்ஜ் அதிகம் இறங்காத வகை. 2500, 2700 என்று பெரிய எண் போட்டவை பலவும் அலமாரியிலேயே சீக்கிரம் இறங்கிவிடும். குழந்தைகள் நினைத்தபோதுதானே பொம்மையை எடுப்பார்கள்! நான்குக்கும் மார்க்கரில் 'அ' என்று எழுதி வைத்தேன், செட் கலையாமல் இருக்க. சார்ஜரும் ஒவ்வொரு செல்லையும் தனியாகக் கவனித்து நிறுத்துவதாக வாங்கினேன். கார் இப்போது ஓடுகிறது.

சுவர்க் கடிகாரம் இழுப்பது சொற்ப மின்சாரம், அதற்கு சார்ஜ் ஏற்றாத சாதா ஆல்கலைன் செல்லே போதும். கசிகிறதா என்று மட்டும் அவ்வப்போது மூடியைத் திறந்து பார்க்கிறேன்.