துயர நிகழ்வுக்குப் பின் சக காவலருக்குத் துணை நிற்பது எப்படி?

துப்பாக்கிச் சூடு, குழந்தையின் மரணம், உடன் பணிபுரிந்தவரின் இழப்பு போன்றவற்றைக் கண்ட காவலர், வெளியாரிடம் சொல்லத் தயங்குவதைச் சக காவலரிடம் சொல்லக்கூடும். அப்படிக் கேட்பவர், அந்நிகழ்வின் விசாரணையில் பங்குள்ளவராகவோ நேரடி மேலதிகாரியாகவோ இருக்கக் கூடாது.

முதல் சில மணி நேரத்தில் பேச்சைவிட உடனிருப்பதே உதவும். அமைதியான இடத்தில் அமரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். வீட்டாருக்குத் தகவல் சொல்ல உதவுங்கள். தனியாக வாகனம் ஓட்டிச் செல்ல விடாதீர்கள். நடந்ததை விவரிக்குமாறு வற்புறுத்த வேண்டாம். அவ்வாறு உடனே சொல்லவைப்பதை உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைப்பதில்லை. “நீ செய்தது சரிதான்” என்று தீர்ப்பளிப்பதும், நல்லெண்ணத்துடன் சொன்னாலும், அவருடைய குற்ற உணர்வைப் பேசவிடாமல் அடைத்துவிடும்.

ரகசியத்தின் எல்லையை முன்கூட்டியே சொல்லுங்கள்: உயிருக்கு ஆபத்து என்றால் பிறரிடம் தெரிவிக்க வேண்டியிருக்கும், சட்டப் பாதுகாப்பும் எல்லா இடங்களிலும் ஒரே மாதிரி இல்லை.

தூக்கமின்மை, திடுக்கிடல், காட்சிகள் மீண்டும் மீண்டும் மனத்தில் எழுதல் ஆகியவை தொடக்கத்தில் இயல்பானவை. ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, குடி அதிகரித்தாலோ மனநல மருத்துவரிடம் நீங்களே உடன் செல்லுங்கள். தற்கொலை எண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. உண்டு என்றால் அவரைத் தனியே விடாமல், துப்பாக்கியைப் பாதுகாப்பாக அகற்ற ஏற்பாடு செய்து, உடனடி மருத்துவ உதவியை நாடுங்கள்.

எல்லோரும் நலம் விசாரிப்பது முதல் வாரத்தில்தான். மூன்றாம் மாதத்திலும், விசாரணை நாளிலும், நிகழ்வின் ஆண்டு நிறைவிலும் மறவாமல் அழையுங்கள்.