ஃப்ளைட்கியரில் ஒரு நாட்: காகிதக் கணக்கிலிருந்து ஓடுதளம் வரை

ஃபோலண்ட் நாட் எஃப்.1 பொடிப் போர் விமானம். நீளம் 28 அடி 8 அங்குலம், இறக்கையின் வீச்சு 22 அடி 1 அங்குலம், வெற்று எடை 4,800 பவுண்டு. 1955 ஜூலை 18 அன்று இங்கிலாந்தில் முதலில் பறந்தது. பிறகு பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் (எச்.ஏ.எல்.) உரிமம் வாங்கிக் கட்டியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் ஜெட் விமானங்களோடு மோதிப் பேர் வாங்கியது. ஒரே எஞ்சின், ஆஃப்டர்பர்னர் (கூடுதல் உந்துவிசைக்கு வெளியேறும் வாயுவில் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) கிடையாது, தேடல் ரேடார் கிடையாது என்பதால் ஃப்ளைட்கியர் என்ற கணினிப் பறத்தல் சிமுலேட்டரில் கட்டிப் பார்க்க நல்ல தேர்வு. சுலபம் என்று நினைத்து இறங்கினால் மட்டும் சக்கரமும் வாலும் கழுத்தைப் பிடிக்கும்.

முதலில் எந்த நாட் என்று முடிவு செய்யுங்கள். இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி இரட்டை இருக்கை கொண்ட பயிற்சி விமானமான டி.1. பிரிட்டிஷ் விமானப்படையின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு பறந்தது அதில்தான். அதன் இறக்கை பெரிது, எஞ்சினும் வேறு, எய்லரான்கள் (விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டும் நகரும் தகடுகள்) இறக்கையின் வெளிப்பக்கம் இருக்கும். எஃப்.1-ல் எய்லரான்கள் உட்பக்கம். இறங்கும்போது அவையே தாழ்ந்து, குறைந்த வேகத்தில் விமானத்தைத் தாங்கும் ஃப்ளாப் வேலையும் பார்க்கும். எச்.ஏ.எல்.லின் அஜீத் மூன்றாவது ரகம்: எரிபொருளை இறக்கைக்குள்ளேயே வைத்து, இறக்கைக்கு அடியில் ஆயுதத்துக்கு இடம் விட்டது. மூன்றின் எண்களையும் ஒரே கோப்பில் கலந்தால் எந்த விமானமும் வராது. இங்கே எடுத்துக்கொள்வது எஃப்.1. வடிவத்துக்கு, டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் நாட் விமானத்தைச் சுற்றிவந்து எடுத்த படங்கள் நூறு வரைபடங்களுக்குச் சமம்.

வேண்டிய மென்பொருள் எல்லாம் இலவசம்: ஃப்ளைட்கியர், அதற்குள் இயங்கும் ஜேஎஸ்பிசிம் என்ற பறத்தல் கணக்கி, முப்பரிமாண உருவத்துக்கு ப்ளெண்டர், எக்ஸ்எம்எல் எழுத ஏதாவது ஒரு டெக்ஸ்ட் எடிட்டர். ப்ளெண்டரைக் கடைசியில் திறவுங்கள். அழகான உருவத்தை மூன்று மாதம் செதுக்கிவிட்டு, அது செங்கல் மாதிரிப் பறப்பதைப் பார்த்துக் கைவிட்டவர்கள் ஏராளம். ஒரு பெட்டியை உருவமாக வைத்துக்கொண்டு முதலில் பறக்க வையுங்கள்.

ஏரோமேட்டிக் என்ற கருவியில் எடை, வீச்சு, நீளம், எஞ்சின் வகை ஆகியவற்றைக் கொடுத்தால் ஜேஎஸ்பிசிம் கோப்பின் எலும்புக்கூடு வந்துவிடும். அதை நம்பாதீர்கள், எந்தப் பகுதி எங்கே வரும் என்று தெரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். மெட்ரிக்ஸ் பகுதியில் இறக்கைப் பரப்பு 136.6 சதுர அடி, வீச்சு 22.08 அடி. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் சராசரி கார்டு (இறக்கையின் முன்பின் அகலம்) 6.19 அடி.

அச்சுகளில்தான் முதல் அடி விழும். எடை, சக்கரம், எஞ்சின் எல்லாவற்றின் இருப்பிடமும் அங்குலத்தில், எக்ஸ் அச்சு வால் நோக்கி, இசட் மேல்நோக்கி. விசைக் கணக்கிலோ எக்ஸ் மூக்கு நோக்கி, இசட் கீழ்நோக்கி. குறி ஒன்று மாறினால் விமானம் ஓடுதளத்திலேயே குட்டிக்கரணம் அடிக்கும். காற்றின் விசைகள் செயல்படும் ஏரோ குறிப்புப் புள்ளியை எடைமையத்துக்குப் பின்னால் வைத்தால், லிஃப்ட் (மேல்தூக்கு விசை) தரும் மூக்கு கவிழும் திருப்பத்தை ஜேஎஸ்பிசிம் தானே கணக்கில் சேர்த்துவிடும். அதோடு பிட்ச் (மூக்கின் மேல்கீழ் அசைவு) பகுதியில் ஆல்ஃபாவுக்கான (இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்துக்கான) திருப்பத்தை நீங்களும் எழுதினால் இரட்டைக் கணக்கு. ஸ்டிக்கை வயிறு வரை இழுத்தாலும் மூக்கு எழாது. ஆகவே அந்தப் புள்ளியை எடைமையத்தின் மேலேயே வைத்துவிட்டு, நிலைத்தன்மை முழுவதையும் பிட்ச் பகுதியில் எழுதுவதே நல்லது. பின்னால் வேட்டையாட வேண்டிய பிழைகள் குறையும்.

நிலைமத் திருப்புத்திறன்களுக்கு (ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றுவதற்கு எடை காட்டும் எதிர்ப்பு) பாடநூல் சூத்திரம் போட்டால், வெற்று எடைக்கு உருளல் அச்சில் சுமார் 960, பிட்ச் அச்சில் 4,400, யா (மூக்கின் இடவல அசைவு) அச்சில் 6,500 ஸ்லக் சதுர அடி வரும். மூன்றாவதைப் பாருங்கள். எந்தத் திடப்பொருளுக்கும் ஓர் அச்சின் மதிப்பு மற்ற இரண்டின் கூட்டலைத் தாண்டக் கூடாது. இங்கே கூட்டல் 5,360, சூத்திரமோ 6,500 என்கிறது. நாட் போன்ற குட்டை விமானத்துக்கு அந்தச் சூத்திரம் பொருந்தவில்லை, அவ்வளவுதான். 5,200 என்று போட்டு நகருங்கள்.

லிஃப்ட் வளைகோட்டுக்கு: 40 டிகிரி பின்சாய்வு, வீச்சுவிகிதம் (வீச்சை சராசரி கார்டால் வகுத்தது) 3.57. ஒலிவேகத்துக்கு மிகக் கீழே சரிவு ரேடியனுக்கு 3.2 முதல் 3.3 வரை. இதைச் சோதிக்க ஒரு கணக்கு. 6,000 பவுண்டு எடையோடு கடல்மட்டத்தில் 130 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல் என்ற அலகு, விமானத்தின் பெயர் அல்ல) வேகம் என்றால், தேவைப்படும் லிஃப்ட் கெழு சுமார் 0.77. எய்லரான்கள் தாழாத நிலையில் அதற்கு 13 அல்லது 14 டிகிரி ஆல்ஃபா வேண்டும். உங்கள் விமானம் 5 டிகிரியில் அந்த வேகத்தில் மிதந்தால் அட்டவணையில் லிஃப்ட் சரிவு தவறு. ஆல்ஃபா நிலைத்தன்மைக்கு, எடைமையத்துக்கும் நிலைத்தன்மை இல்லாமல் போகும் புள்ளிக்கும் நடுவே கார்டில் 8 சதவீத இடைவெளி என்று வைத்தால் பிட்ச் கெழு ரேடியனுக்கு மைனஸ் 0.26. அங்கிருந்து தொடங்கி மெல்ல மாற்றுங்கள்.

டிராகை (காற்றின் இழுவையை) மாக் எண்ணுக்கு (ஒலிவேகத்தோடு ஒப்பிட்ட வேகம்) எதிராக எழுத வேண்டும். தொடக்க மதிப்புகளாக மாக் 0.8 வரை 0.018, 0.9-ல் 0.021, 0.95-ல் 0.030, 1.0-ல் 0.044 வைக்கலாம். நாட் மட்டமாகப் பறந்து ஒலியைத் தாண்டாது, மூக்கைக் கவிழ்த்தால் தாண்டும். உங்கள் அட்டவணையும் அப்படியே நடக்கிறதா என்று பாருங்கள். மட்டமாகவே மாக் 1.1 போனால், எஞ்சினைக் குறைத்து ஒப்பேற்றாதீர்கள், தவறு 0.9-க்கு மேலுள்ள டிராக் வரிகளில்தான் இருக்கும்.

எஞ்சின் ஆர்ஃபியஸ் 701, 4,705 பவுண்டு உந்துவிசை. பைபாஸ் (எஞ்சினைச் சுற்றிப் போகும் காற்றின் பங்கு) பூஜ்யம், ஆக்மென்டேஷன் (ஆஃப்டர்பர்னர்) இல்லை. உண்மையில் அது ஒற்றைத் தண்டு எஞ்சின். ஜேஎஸ்பிசிம் என்1, என்2 என்ற இரு தண்டுகளின் சுழல்வேகத்தையும் கேட்கும். இரண்டுக்கும் ஒரே எண் கொடுத்து, ஒன்றை மட்டும் டயலில் காட்டுங்கள். உந்துவிசைப் பவுண்டுக்கு மணிக்கு ஒரு பவுண்டுக்குச் சற்று மேல் எரிபொருள் என்று வைத்தால், தரைமட்டத்தில் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 80 பவுண்டு போகும். எரிபொருள் அளவில் இன்னொரு பொறி உண்டு. பிரிட்டிஷ் கையேட்டின் காலன் 4.55 லிட்டர், அமெரிக்கக் காலன் 3.79. மண்ணெண்ணெய் முதலாவதில் சுமார் 8 பவுண்டு, இரண்டாவதில் 6.7. மாற்றிப் போட்டால் பறக்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு பிசகும். பழைய டர்போஜெட் த்ராட்டிலைத் தள்ளியதும் சீறாது, பல நொடி எடுக்கும். த்ராட்டிலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு வேக வரம்பு போடுங்கள். இல்லாவிட்டால் தரையிறங்கும்போது கடைசி நொடியில் தப்பிக்கிற கெட்ட பழக்கம் வந்துவிடும்.

உருளலைத் திட்டமிட்டுச் செய்யலாம். 400 நாட் வேகத்தில் ஒரு நொடிக்கு ஒரு முழு உருளல் வேண்டும் என்றால், உருளல் தணிப்புக் கெழு மைனஸ் 0.3-ஆக இருக்கையில், முழு எய்லரான் தரும் கெழு சுமார் 0.031 ஆக வேண்டும். கையால் கணக்கிட்டுப் போட்டால் ஒரே முயற்சியில் அமையும். கண்ணால் பார்த்துத் திருகினால் ஒரு வாரம் போகும்.

இனி சக்கரம். நாட் விமானத்துக்குத் தனி ஏர்பிரேக் கிடையாது. சக்கரங்களைப் பாதி இறக்கினால் அவற்றின் கதவுகள் காற்றைத் தடுக்கும், அதுதான் ஏர்பிரேக். இதற்குத் தனி ஏர்பிரேக் மாறிலியைப் பயன்படுத்தாமல், இரண்டு கட்டளைகளையும் ஒன்றாகச் சேருங்கள்: சக்கரக் கட்டளை, ஏர்பிரேக் கட்டளையின் 0.3 மடங்கு, இவற்றில் எது பெரிதோ அதை கைனமாட்டிக் பகுதிக்குக் கொடுங்கள். கைனமாட்டிக் அதைச் சில நொடிகளில் மெதுவாக நகர்த்திச் சக்கர நிலையாக வெளியிடும். டிராக், பிட்ச் இரண்டும் அந்த நிலையைப் பார்த்தே மாறட்டும். 0.3 உங்கள் படங்களைப் பார்த்துத் திருத்த வேண்டிய எண். டிராக் நேர்கோட்டில் ஏறக் கூடாது. கதவுகள் முதலில் விரிவதால் தொடக்கத்திலேயே பெரும்பங்கு வந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு நுணுக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது. சக்கர நிலை 0.99-ஐத் தாண்டினால்தான் ஜேஎஸ்பிசிம் அதைத் தரையில் படும் சக்கரமாக எண்ணும். ஏர்பிரேக் நிலையில் இறங்கினால் சக்கரம் இல்லாதது போலவே விமானம் மண்ணுக்குள் புதையும். வயிறு, மூக்கு, வால், இறக்கை நுனிகள் ஆகிய இடங்களில் ஸ்ட்ரக்சர் வகைத் தொடுபுள்ளிகள் வைத்தால் குறைந்தது வயிற்றால் சறுக்கி நிற்கும்.

ஸ்பிரிங் எண்களையும் கணக்கிட்டே போடுங்கள். எடை 6,600 பவுண்டு, அதில் ஒவ்வொரு பிரதான சக்கரத்துக்கும் 45 சதவீதம், அதாவது 2,970 பவுண்டு. நிற்கும்போது 0.3 அடி அமுங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் அடிக்குச் சுமார் 10,000 பவுண்டு. டேம்பிங் (துள்ளலைத் தணிக்கும் எண்) 900 முதல் 1,000 வரை. துள்ளுகிறது என்று டேம்பிங்கைப் பல மடங்கு ஏற்றினால், துள்ளல் போய் நடுக்கம் வரும். கணக்கு நொடிக்கு 120 முறைதான் நடக்கிறது. அந்த இடைவெளிக்குள் விசை அளவுக்கு மீறித் திரும்பிவிடும். சக்கரத்தின் இருப்பிடம் அமுங்காத நிலையில் கொடுக்கப்பட வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நாட் விமானத்தின் சக்கரங்கள் உடலிலிருந்தே இறங்குவதால் அவற்றின் இடைவெளி குறுகலானது. வேகமாகத் திருப்பினால் சாயும். அதைச் சரிசெய்யச் சக்கரங்களை அகட்டாதீர்கள். மெதுவாகத் திருப்பப் பழகுங்கள்.

வால் முழுதாக நகரும் கிடைவால். ஜாய்ஸ்டிக்கை நேரடியாக அதோடு கட்டினால் 450 நாட் வேகத்தில் மூக்கு மேலும் கீழும் ஆடும். அடக்கப் போனால் இன்னும் ஆடும். மூன்று மாற்றங்கள் செய்யுங்கள். ஹைட்ராலிக் நகர்வுக்கு ஆக்சுவேட்டரில் வேக வரம்பு, வேகத்தால் வரும் காற்றழுத்தம் ஏற ஏறக் கிடைவாலின் நகர்வைக் குறைக்கும் ஓர் அட்டவணை, பிட்ச் தணிப்புக் கெழுவைச் சரிபார்த்தல். இம்மூன்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, 10,000 அடியில் 300 நாட் வேகத்தில் ட்ரிம் செய்து (கையை எடுத்தாலும் நேராகப் பறக்கும்படி அமைத்து), ஸ்டிக்கை ஒரு தட்டுத் தட்டி விடுங்கள். ஆட்டம் இரண்டு மூன்று சுற்றில் அடங்க வேண்டும்.

இதெல்லாம் அமைந்த பிறகு ப்ளெண்டர். மூக்கு மைனஸ் எக்ஸ் பக்கம், அளவு மீட்டரில், ஏசி கோப்பாக ஏற்றுமதி. உருவத்தின் ஆதிப்புள்ளியை மூக்கு நுனியில் வைத்தால் காட்சிக் குறிப்புப் புள்ளியையும் ஜேஎஸ்பிசிம்மில் அதே நுனிக்குக் கொடுங்கள். இல்லையென்றால் விமானம் தன் எடைமையத்தை விட்டு வேறு எதையோ சுற்றிச் சுழலும். காற்றுத்துளைகளின் பக்கத்தில் இரண்டு 30 மில்லிமீட்டர் ஏடன் பீரங்கிகளின் வாய்களை மறக்காதீர்கள். நாட் விமானத்தின் முகமே அதுதான்.

பிறருடைய படத்தை டெக்ஸ்சராக ஒட்டினால் ஃப்ளைட்கியரின் பொதுத் தொகுப்பில் சேர்க்க மாட்டார்கள். அங்கே ஜிபிஎல் உரிமம் வேண்டும். அலுமினியத் தகட்டையும் வட்டக் குறியையும் நீங்களே வரையுங்கள். கடைசிச் சோதனையாக, முழு எரிபொருளோடு எழும்பி, 20,000 அடிக்கு ஏறி, ஏர்பிரேக்கோடு செங்குத்தாக இறங்கி, சக்கரத்தை முழுதாக இறக்கும் கணத்தில் ஸ்டிக்கை விட்டுவிட்டு மூக்கு எந்தப் பக்கம் போகிறது என்று எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அங்கிருந்துதான் வேலையைத் தொடங்குவீர்கள்.