மிகுபுனைவில் உறவுகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கற்பனை உலகங்களில் நிகழும் மிகுபுனைவுக் (fantasy) கதை எழுத முனைவோர் பெரும்பாலும் நிலப்படத்தையும் அரச வமிசங்களின் பட்டியலையும் முதலில் உருவாக்கிக்கொள்கிறார்கள். அந்த உலகில் யார் யாரை எப்படி விளிப்பார்கள், யார் முன்னிலையில் எதைப் பேசக் கூடாது, யார் யாரை மணக்கலாம் என்பன போன்ற வழக்கங்கள் கதை பாதி நகர்ந்த பிறகே நினைவுக்கு வருகின்றன. அதற்குள் காதலரும் பகைவரும் நண்பரும் இன்றைய நகரத்து மனிதர்களைப் போலவே பேசிப் பழகியிருப்பார்கள். பின்னர் சேர்க்கப்படும் பண்பாடு அவர்கள்மீது போர்த்திய ஆடையாகவே நின்றுவிடும்.

மிகுதியாகக் காணப்படும் தவறு, விளிகளையும் மரியாதை வடிவங்களையும் வெறும் அலங்காரமாகக் கருதுவது. மொழிநூல் அறிஞரான ஜே. ஆர். ஆர். டோல்கீன், 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் தம் பெருங்கதையின், 1955இல் வெளிவந்த மூன்றாம் பகுதிக்கு எழுதிய பின்னிணைப்பில் இதற்கு ஓர் அருமையான எடுத்துக்காட்டைத் தருகிறார். ஹாபிட்டுகள் என்னும் குள்ளமான கற்பனை இனத்தார் வாழும் ஷயர் நாட்டில் மரியாதை காட்டும் முன்னிலை வடிவங்கள் பேச்சுவழக்கிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டன. ஆகவே அங்கிருந்து மினாஸ் டிரித் நகருக்கு வரும் பிப்பின், ஆட்சியாளர் டெனத்தோர் உட்பட எல்லாரிடமும் நெருங்கியவரிடம் பேசுவது போலவே பேசுகிறான். பணியாளர்கள் திகைக்கிறார்கள், தன் நாட்டில் இவன் மிக உயர்ந்த நிலையில் உள்ளவன் என்ற வதந்தி பரவவும் அதுவே துணைசெய்கிறது.

இந்த வேறுபாட்டைக் காட்ட அன்றாட ஆங்கிலத்தில் வழியில்லாததால் டோல்கீன் அதைக் கதைக்கு வெளியே விளக்க வேண்டியிருந்தது. தமிழில் எழுதுபவருக்கோ நீ, நீர், நீங்கள், தாங்கள் என அத்தனையும் கையில் இருக்கின்றன. இருந்தும் அரசியும் படகோட்டியும் ஒரே 'தாங்க'ளில் பேசிக்கொள்ளும் கதைகளையே நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம். அரசியிடம் முந்நூறு பக்கங்கள் 'நீங்கள்' என்று பேசிய படைத்தலைவன், முற்றுகை நாளின் இரவில் தன்னையறியாமல் 'நீ போய்விடு' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு காதலை அறிவிக்கும் வசனம் தேவைப்படாது. அதை அரசி கவனித்தாளா, அருகிலிருந்த பணிப்பெண் முதலில் கவனித்தாளா என்பதில்தான் அடுத்த காட்சி இருக்கிறது.

உறவுமுறைப் பெயர்களில் நேரும் தவறு இதைவிடக் கண்ணுக்குத் தெரியாதது. அத்தை, மாமா ஆகியோரின் பிள்ளைகள் மண உறவுக்கு உரியவர்கள், பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள் உடன்பிறந்தவர்களுக்குச் சமமானவர்கள் என்னும் கணக்கு நம் சொற்களுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. தாய்வழியில் மட்டும் வமிசம் எண்ணும் ஒரு மலைக்குடியைக் கற்பனை செய்துவிட்டு, அதில் ஒருத்தி ஒருவனை 'அத்தான்' என்று அழைத்தால், எழுத்தாளர் நினைக்காத ஒரு திருமணப் பேச்சு வாசகர் மனத்தில் தொடங்கிவிடும். குடியின் மண விதியை முதலில் முடிவு செய்து, அதற்குப் பொருந்தும் சொற்களை மட்டும் தமிழிலிருந்து எடுத்துக்கொண்டு, பொருந்தாத இடத்தில் 'தாயின் தம்பி' என்பதுபோல வெளிப்படையாக எழுதுவது பாதுகாப்பானது.

எல்லாரும் பேசும் ஒரு பொதுமொழியையோ மொழிபெயர்க்கும் மந்திரக் கல்லையோ வைத்து மொழிச் சிக்கலை முதல் அத்தியாயத்திலேயே தீர்த்துவிடுவது மற்றொரு தவறு. மொழித் தடையால் உறவு எப்படி முறுகும் என்பதற்கும் டோல்கீனிடமே சான்று உண்டு. அவர் கதையுலகில், கடல் கடந்து வந்த நோல்டோர் என்னும் எல்ஃப் குலத்தார் தன் உறவினரைக் கொன்றவர்கள் என்று அறிந்த மன்னன் திங்கோல், அவர்களுடைய குவென்யா மொழியைத் தன் நாட்டில் வெளிப்படையாகப் பேசக் கூடாதெனத் தடைசெய்கிறான். அவர்கள் அன்றாட வாழ்வில் அந்நாட்டு மொழியான சிந்தரினுக்கு மாறுகிறார்கள். தாய்மொழியே குற்றத்தின் அடையாளமாகிவிட்ட வீட்டில் தாலாட்டு எந்த மொழியில் பாடப்படும் என்று கேட்டால் ஒரு முழுக் கதை கிடைக்கும்.

கற்பனை எட்டாத இடத்தில் மெய்யுலகமே உதவும். ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் குவீன்ஸ்லாந்தில் டிர்பல் மொழி பேசியோர், மாமியார் போன்று, வழக்கப்படி விலகி நடக்க வேண்டிய உறவினர் காதில் விழும் தொலைவில் இருந்தால், இலக்கணம் மாறாமல் சொற்களை ஏறத்தாழ முழுவதும் மாற்றிப் பேசினார்கள். இத்தகைய வழக்கத்தைப் புனைவுக்குள் கொண்டுவந்தால், ஓர் இளைஞனின் பேச்சு திடீரென மாறுவதைக் கேட்டே யாரோ வந்துவிட்டார் என்று வாசகர் உணர்ந்துகொள்வார்.

ஓர் இனத்துக்கு ஒரே குணத்தைக் கொடுப்பதும் உறவுகளைக் கெடுக்கும். 2015இல் வந்த 'பாகுபலி' முதல் படத்துக்காக மதன் கார்க்கி உருவாக்கிய கிளிக்கி, ஒரு படத்துக்கு இலக்கணத்தோடு மொழி சமைத்த துணிச்சலான முயற்சி. ஆயினும் திரையில் அது போருக்கு வந்த பகைவர் கூட்டமான காலகேயர்களின் மொழியாகவே ஒலிக்கிறது. நாவல் எழுதுபவருக்குக் கூடுதல் இடம் உண்டு. பகைவர் மொழியில் ஒரு தந்தை மகளைக் கொஞ்சும் காட்சி ஒன்றேனும் இல்லாவிட்டால், பின்னர் அந்த இனத்துப் பெண்ணை நாயகன் காதலிப்பதாகச் சொல்வதை யாரும் நம்பமாட்டார்கள். அரசர்களுக்குச் செந்தமிழும் வேலைக்காரர்களுக்குச் சிரிப்பூட்டும் வட்டார வழக்கும் தருவது இதே பிழையின் உள்ளூர் வடிவம்.

வேற்றுமொழியை மூன்று அத்தியாயங்களில் பிழையின்றிக் கற்றுமுடிக்கும் நாயகர்களையும் குறைத்துக்கொள்ளலாம். புதிதாகக் கற்பவர் தடுமாறும் இடங்களில் மரியாதை வடிவங்களும் அடங்கும். அந்தத் தடுமாற்றம் மணப்பெண்ணின் பாட்டி முன்னிலையில் நிகழும்படி எழுதுங்கள்.